செம்புத் தகடும் பியூலாவின் கமிட்டியும்

பியூலாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை பரபரக்கிறது. எதை முதலில் சொல்வது, எதை அடக்கி வைப்பது என்றே தெரியவில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை. பியூலா என்ற பெயரும்தான், சுப்புலட்சுமி என்ற என் பெயரும்தான். புகார் கொடுத்தவள் யார், யார் மேல் கொடுத்தாள், சாட்சி யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நடந்ததைச் சொல்லலாம், ஆளைக் காட்டக்கூடாது. நம் ஊரில் இதை நேர்மாறாகச் செய்வார்கள். என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது, யாருக்கு நடந்தது என்பது மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை தெரிந்திருக்கும். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. அதில் நான் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன், பியூலா வருகைப் பதிவு, சம்பளம் பார்க்கிற பிரிவில் இருக்கிறாள். சாத்தூர்க்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், அம்மாவும் டீச்சர், அக்கா நர்ஸ். இவளும் டீச்சராகியிருக்க வேண்டியவள்தான். பரீட்சையில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்தில் தவறவிட்டு, வேறு வேலை கிடைக்கிறவரைக்கும் என்று சொல்லிக்கொண்டு கம்பெனிக்கு வந்தாள். இப்போது மகள் பிரீத்தி காலேஜ் முடிக்கப் போகிறாள், இவள் இன்னும் அதே நாற்காலியில் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். புருஷன் இன்பராஜ் சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறார். காலண்டர் சீசனில் அவரைப் பார்க்க முடியாது, பட்டாசு சீசனில் இவளைப் பார்க்க முடியாது. வீட்டில் சண்டையே வருவதில்லை, சண்டை போட ஆள் இருந்தால்தானே என்று சிரிப்பாள்.

ஆள் ஏற்றி வரும் வேன் லேட்டானால் டிரைவரிடம் போனில் அவள் போடும் சத்தம் மெயின் ரோடு வரை கேட்கும். ஆனால் முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி முன்னால் போய் நின்றால் அந்தக் குரல் எங்கே போகும் என்றே தெரியாது. தலையாட்டுவாள், ‘சரிங்க அண்ணாச்சி’ என்பாள், திரும்பி வந்து என்னிடம் பொரிந்து தள்ளுவாள். அப்படிப்பட்ட ஆளைத்தான் யாரையும் கேட்காமல் ஒரு கமிட்டிக்குத் தலைவராக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கூத்து நடந்தது இப்படி.

போன வருடம் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார்கள் என்று சொன்னதும் அண்ணாச்சியின் மகன் மகேஷ்குமார் ஒரே நாளில் ஏழெட்டு போர்டு அடித்துக் கொண்டுவந்தார். சிவகாசியில் போர்டு அடிப்பதற்கா பஞ்சம்? தீயணைப்பு நம்பர், ஆம்புலன்ஸ் நம்பர், அந்த வேதிப்பொருளைத் தொடாதே, இந்த உடையைப் போடாதே. அந்த வரிசையில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு போர்டு. உள்ளகப் புகார்க் குழு. தலைவர் பியூலா. உறுப்பினர்கள் சுப்புலட்சுமி, மணிமுத்து. வெளி உறுப்பினர் வழக்கறிஞர் ஞானபூரணி, விருதுநகர். எங்கள் மூன்று பேர் செல் நம்பரும் அதில். நானும் பார்த்திருக்கிறேன், அவளும் பார்த்திருக்கிறாள். அதற்கு முந்தின வருடம் முதலுதவிக் குழு என்று போட்டு அதிலும் எங்கள் பெயர்தான் இருந்தது. இதுவும் பஞ்சும் டிஞ்சரும் வைத்துக்கொள்கிற சமாசாரம் என்று நினைத்து விட்டுவிட்டோம். தலைவர் என்று எழுதியிருக்கிறதே, எதற்குத் தலைவர் என்று ஒரு நிமிடம் நின்று படிக்கத் தோன்றவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் வந்தவர்கள் போர்டைப் பார்த்தார்கள், டிக் அடித்தார்கள், போய்விட்டார்கள்.

தீபாவளி ஆர்டர் சூடுபிடித்திருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பியூலா சர்ச் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்திருக்கிறது. கமிட்டித் தலைவர்தானே என்று ஒரு பெண்குரல் கேட்டிருக்கிறது. இவள் ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுபடியும் அடித்தது. அந்தப் பெண் போர்டில் இருந்ததை அப்படியே ஒப்பித்தாள். பியூலா ஒரு கையில் செருப்பும் மறு கையில் போனுமாக நின்றுவிட்டாள்.

போன் பண்ணியது மாரிச்செல்வி. பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து நிரப்பும் ரூமில் வேலை பார்க்கிறவள். கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை, புருஷன் வடக்கே லாரி ஓட்டுகிறான், வீட்டில் மாமியார் பாண்டிலட்சுமி. இனி அவள் சொன்னதைச் சொல்ல வேண்டுமென்றால் செம்புத் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பெனியில் மருந்து ரூம் வாசல்களில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர்கள் முதலில் அதில் கையை வைக்க வேண்டும். துணி உரசி, முடி உரசி உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் போய்விடும். அது போகாமல் மருந்தைத் தொட்டால் ஒரு சின்னப் பொறி போதும், ரூமே இருக்காது. ஆகவே அந்தத் தகட்டுக்குக் கோயில் படிக்குக் கொடுக்கிற மரியாதை. ரூமுக்குப் பொறுப்பான போர்மேன் சண்முகவேல் வாசலில் நின்று ஒவ்வொருவரும் கை வைக்கிறார்களா என்று பார்ப்பார். நல்ல வேலைக்காரர் என்று பெயர். ஒரு தடவை காயப்போட்ட சரக்கில் புகை கிளம்பியபோது எல்லாரும் வெளியே ஓட, இவர் மணல் வாளியோடு உள்ளே ஓடினவர். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு அவர் மேல் உயிர்.

அந்த ஆள் என்ன செய்தார் என்றால், பெண்கள் தகட்டில் சரியாகக் கை வைப்பதில்லை என்று சொல்லி, அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துத் தகட்டில் அழுத்துவார். அழுத்திக்கொண்டு பின்னால் ஒட்டி நிற்பார். இன்னொரு கை தோளில் இருக்கும், கொஞ்ச நேரத்தில் இடுப்பில் இருக்கும். முகம் சுளித்தால் ‘உசுரு போயிரும்லா, அதுக்குத்தான் பாக்கேன்’ என்பார். யார் என்ன சொல்ல முடியும்? எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவர் வெடி விபத்தில் போயிருக்கிறார்கள், இல்லையென்றால் தழும்போடு இருக்கிறார்கள். பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் இங்கே எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். அது தெரிந்துதான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அந்த மனுஷர் நின்றுகொண்டார். இதை எழுதும்போதுகூட எனக்கு உள்ளுக்குள் கொதிக்கிறது.

மாரிச்செல்வி ஒருநாள் கையை உதறிவிட்டாள். நானே வைத்துக்கொள்கிறேன், என்னைத் தொட வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். மறுநாளே அவளுக்குக் கவனம் போதாது, அவளால் எல்லாருக்கும் ஆபத்து என்று சொல்லி ரூமிலிருந்து எடுத்து வெயில் காய்கிற களத்தில் போட்டார். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் உன் வீட்டுக்கே வந்து உன் மாமியாரிடம் வேறு கதை சொல்வேன் என்றும் சொல்லியிருக்கிறார். மாரிச்செல்விக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் பயம். மாமியார் பாண்டிலட்சுமி கறாரான மனுஷி. கம்பெனியில் ஒரு பேச்சு என்று காதில் விழுந்தால், நாளையிலிருந்து நீ போக வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். இவளுக்கு வேலை வேண்டும். ரூமில் தன் இடம் வேண்டும். அந்தக் கை மட்டும் வேண்டாம். கேட்டது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் பியூலா வந்ததும் என்னை இழுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனாள். இரண்டு பேரும் அந்தப் போர்டை முதல் தடவையாக முழுசாகப் படித்தோம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று சொல்ல முடியவில்லை. பியூலா என்னைப் பார்த்தாள்.

‘‘சுப்பு, இது நெசமாவே நம்மதானா?’’

நம்மதான் என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் சிரித்தது எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

வெளி உறுப்பினர் ஞானபூரணிக்குப் போன் போட்டோம். அந்த அம்மாவுக்கும் ஆச்சரியம். பெயர் கேட்டு வாங்கிப் போனார்கள், அதற்குப் பிறகு ஒரு கூட்டத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை என்றார். அரை நாள் லீவு போட்டு விருதுநகர் போனோம். மிளகாய் வத்தல் கமிஷன் கடைகளுக்கு மேலே மாடியில் அவர் ஆபீஸ். கீழே மூட்டை பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தைப் படிக்கப் போன நாங்கள் தும்மிக்கொண்டே இருந்தோம். ஞானபூரணி அம்மாவுக்குப் பழகிவிட்டது போல, ஒரு தும்மல் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார்.

பத்துப் பேர், அதற்கு மேல் வேலை பார்க்கிற எந்த இடத்திலும் இப்படி ஒரு குழு இருந்தே ஆக வேண்டும். பத்துப் பேருக்குக் கீழே என்றால் மாவட்டத்துக்கு ஒரு குழு இருக்கிறது, அங்கே போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். எழுத முடியாதவர்களுக்கு எழுத உதவுவது எங்கள் கடமை. விசாரணை முடிகிறவரைக்கும் அவளுக்குத் தொந்தரவு வராமல் இடம் மாற்றவோ லீவு கொடுக்கவோ நாங்கள் சொல்லலாம். தொட்டால் மட்டும்தான் குற்றம் என்றில்லை. அசிங்கமாகப் பேசினாலும், ஜாடை காட்டினாலும், படத்தைக் காட்டினாலும், வேலையைக் காட்டி மிரட்டினாலும் துன்புறுத்தல்தான். அதைத் தவிர போலீஸ் வழி தனியாக இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டம் போய் இப்போது புதுசாகப் பாரதிய நியாய சன்ஹிதா. அந்தப் பெயர் என் வாயில் நுழைய ஒரு வாரம் ஆனது. அதில் மானத்துக்குப் பங்கம் வரும்படி கை வைப்பதற்கு ஒரு பிரிவு, பாலியல் துன்புறுத்தலுக்கு ஒரு பிரிவு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் பின்னாலேயே வருவதற்கும் போனில் நச்சரிப்பதற்கும் ஒரு பிரிவு, மிரட்டலுக்கு ஒரு பிரிவு. எல்லாமே ஜெயில் வரைக்கும் போகக்கூடியவை. குழுவிடம் வந்ததால் போலீசுக்குப் போகக்கூடாது என்றோ, போலீசுக்குப் போனதால் குழுவுக்கு வரக்கூடாது என்றோ இல்லை. அவள் போலீசுக்குப் போக விரும்பினால் கம்பெனி கூட நின்று உதவ வேண்டும்.

பியூலாவுக்கு ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது. கெட்ட எண்ணத்தில்தான் தொட்டார் என்று நாம் எப்படிக் காட்டுவது, அவர் பாதுகாப்புக்காக என்றுதானே சொல்வார் என்று கேட்டாள். ஞானபூரணி அம்மா பேனாவை மூடி வைத்தார்.

‘‘அவன் மனசுக்குள்ள நீங்க எதுக்குப் போறீக? அவளுக்கு அது வேண்டாம். வேண்டாம்னு சொன்னதுக்குப் பெறகும் தொட்டானா, இல்லையா? கமிட்டி பாக்க வேண்டியது அதைத்தான்.’’

எனக்கு அந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. தும்மல் வந்து கெடுத்துவிட்டது.

அந்த வாரமே மாரிச்செல்வி புகாரை எழுதிக் கொடுத்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள்தான், ஆனால் கை நடுங்கிக் கோடு கோடாக வந்தது. பியூலா வாங்கி எழுதினாள். நடுவில் நான் மூக்கை நுழைத்து, கொஞ்சம் நல்ல தமிழாகப் போடலாமே என்றேன். வேண்டாம், அவள் வாயிலிருந்து வந்த மாதிரியே இருக்கட்டும் என்று என்னை அடக்கிவிட்டாள். படித்துக் காட்டி, அவள் சரி என்று சொன்ன பிறகே கையெழுத்து வாங்கினாள். அன்றைக்கே அவளை நிழலில் இருக்கிற பேக்கிங் பக்கம் மாற்ற வேண்டும் என்று அண்ணாச்சிக்கு எழுதிக் கொடுத்தோம். மாற்றிவிட்டார்கள். ஒரு தாளில் நாங்கள் எழுதினதைக் கம்பெனி கேட்டது அதுதான் முதல் தடவை. பியூலா அன்று சாயங்காலம் சாத்தூர் காராச்சேவு வாங்கி வந்து எனக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

அப்புறம்தான் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிரச்சினை என்றால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இரண்டு பேரையும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவது, ஆத்தா சந்நிதியில் சூடத்தை ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வைப்பது. கம்பெனியில் திருட்டு, பங்காளிச் சண்டை, வாய்க்கால் தகராறு எல்லாம் அங்கேதான் தீர்ந்திருக்கிறது. சண்முகவேல் இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்யட்டும், அந்தப் பிள்ளை திருநீறு வாங்கிக்கொள்ளட்டும், சீசன் நேரத்தில் விசாரணை அது இது என்று வேண்டாம் என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய தீர்ப்பு. ஆத்தாவுக்கு முன்னால் பொய் சொல்ல எவனுக்கும் தைரியம் வராது என்று மனதார நம்புகிறவர்.

பியூலா வழக்கம்போல ‘சரிங்க அண்ணாச்சி’ என்று சொல்லப் போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் தொண்டையைச் செருமினாள். குரல் சின்னதாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. சமாதானம் பேசலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் அதை அந்தப் பெண் தானாகக் கேட்க வேண்டும், நாமாகச் சொல்லக்கூடாது என்றாள். அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. அவரிடம் பியூலா இடக்காக ஒன்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. அப்படியானால் அவளையே கூப்பிடு, நான் கேட்டுக்கொள்கிறேன் என்றார். கூப்பிட்டால் பயந்து சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பியூலா கூப்பிடத் தயங்கினாள். அதற்குள் அண்ணாச்சியே ஆளனுப்பிவிட்டார். மாரிச்செல்வி வந்து கதவோரம் நின்றாள். அண்ணாச்சி அதட்டவில்லை, தகப்பன் மாதிரிதான் பேசினார். ஆத்தாகிட்ட சொல்லி முடித்துக்கொள்வோமா தாயி என்று கேட்டார். மாரிச்செல்வி தரையைப் பார்த்தபடிதான் பேசினாள்.

‘‘ஆத்தாகிட்ட நான் என்னைக்கோ சொல்லிட்டேன் மொதலாளி. அவுகளுக்கு எல்லாம் தெரியும். தெரியாம இருக்கது ஒங்களுக்குத்தான். அதான் எழுதிக் குடுத்தேன்.’’

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, நடத்துங்க என்றார். வெளியே வந்ததும் பியூலா என் கையைப் பிடித்தாள். எனக்கோ ஓடிப்போய் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்பதுதான் இந்தக் கமிட்டியில் எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை.

புகார் நகலைச் சண்முகவேலுக்குக் கொடுத்து, பதில் எழுத அவகாசமும் கொடுத்தோம். இரண்டு பக்கத்தையும் கேட்டால்தான் விசாரணை. விசாரணை அன்று முதலாளி குடும்பத்தில் யாரும் உள்ளே வரக்கூடாது என்று ஞானபூரணி அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நாங்கள் நாலு பேர் மட்டும். மாரிச்செல்வியையும் அந்த ஆளையும் நேருக்கு நேர் உட்கார வைக்கவில்லை, தனித்தனியாகக் கேட்டோம். ரூமில் வேலை பார்க்கிற பெண்களில் அழகுமீனா ஒருத்திதான் வந்து சாட்சி சொன்னாள். அவளும் பாதியில் அழுதுவிட்டாள். மற்றவர்கள் நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று போய்விட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. பியூலாதான், அவர்களுக்கும் வீட்டில் மாமியார் இருக்கிறார்கள் சுப்பு என்றாள்.

சண்முகவேல் வந்தார். துளிப் பதற்றம் இல்லை. செம்புத் தகட்டைப் பற்றி, உடம்பில் ஓடும் மின்சாரத்தைப் பற்றி, எந்த ஊரில் எந்த வருடம் எத்தனை பேர் செத்தார்கள் என்பதைப் பற்றி அழகாகப் பேசினார். நான் கையைப் பிடித்து அழுத்தாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அந்த ரூமில் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டார்கள் என்றார். கேட்கக் கேட்க எனக்கே தலை சுற்றியது. அவர் சொல்வதும் சரியாகத்தானே இருக்கிறது என்று ஒரு விநாடி தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன். அவள் வேண்டாம் என்றதற்குப் பிறகும் தொட்டீர்களா என்று பியூலா கேட்டாள். பாதுகாப்புக்காகத் தொட்டேன், வேண்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டா உயிரைக் காப்பாற்றுவார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

அப்போதுதான் மணிமுத்து வாயைத் திறந்தார். அவரைப் பற்றி எங்களுக்குப் பெரிய பயம். பேக்கிங் மேஸ்திரி, சண்முகவேலுக்குக் கூட்டாளி, ஒரே டீக்கடையில் தினமும் ஒன்றாக உட்காருகிறவர். ஆம்பளைக்கு ஆம்பளை விட்டுக்கொடுக்க மாட்டார் என்றுதான் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். அவர் அதுவரை மேஜையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

‘‘ஏண்ணே, சரக்கு எடுக்க நானும் அந்த வாசல்ல கை வச்சுத்தான உள்ள போறேன். என் கையை நீங்க ஒருநாளும் புடிச்சதில்லையே. ஆம்பளை ஒடம்புல கரண்டு ஏறாதா?’’

சண்முகவேல் தண்ணீர் கேட்டார். பியூலாவும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை, பார்த்தால் துள்ளிக் குதித்துவிடுவோம். மணிமுத்துவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. இந்தக் கமிட்டியில் இருந்துகொண்டு அதைச் செய்வது சரிப்படாது என்று விட்டுவிட்டேன்.

அறிக்கையைப் பியூலாதான் எழுதினாள், ஞானபூரணி அம்மா திருத்திக் கொடுத்தார். புகார் உண்மை, அந்த ஆளை வேலையை விட்டு நீக்க வேண்டும், மாரிச்செல்வியைப் பழைய ரூமிலேயே வைக்க வேண்டும், இனிமேல் எந்த வாசலிலும் யாரும் யார் கையையும் பிடிக்கக்கூடாது. அண்ணாச்சி படித்தார். மணல் வாளியோடு உள்ளே ஓடினவனை வெளியே அனுப்புவது அவருக்கு லேசான காரியம் இல்லை. நடவடிக்கை எடுக்கச் சட்டம் இரண்டு மாதம் கொடுக்கிறது. அவர் மறுநாளே கையெழுத்துப் போட்டார். போடும்போது கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் மூச்சு விட்டோம். மாரிச்செல்வி நாளைக் காலையில் ரூமுக்குப் போகிறாள் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம். ஆனால் அன்று சாயங்காலமே சண்முகவேல் அவள் வீட்டு நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாய், உன்னை ஊருக்குள் நடமாட விட மாட்டேன், கையை வெட்டிவிடுவேன் என்று கத்தியிருக்கிறார். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மாரிச்செல்வி போனை எடுக்கவில்லை. எடுத்தது மாமியார் பாண்டிலட்சுமி.

மறுநாள் காலை அந்த அம்மா கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாரிச்செல்வி, அழுது வீங்கின முகத்தோடு. போச்சு, கணக்கை முடித்து மருமகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இத்தனை பாடுபட்டு, அந்த ஆளையும் வெளியே அனுப்பி, கடைசியில் இவளும் வீட்டுக்குள் போவதா? பியூலா எழுந்து போய் நாற்காலியை எடுத்துப் போட்டாள். பாண்டிலட்சுமி உட்காரவில்லை.

‘‘போலீசுக்குப் போனா நீங்க கூட வரணும்னு சட்டம் இருக்காம்லா, மருமவ சொல்லுதா. கெளம்புங்க. போன எடுத்தது நான். சாட்சி நான் சொல்லுதேன்.’’

அதற்குப் பிறகு எங்களை யார் பிடித்து நிறுத்த முடியும்? மகேஷ்குமாரிடம் சொன்னோம், கம்பெனி வேனையே கொடுத்தார். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் நான் பிரிவுகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், பரீட்சைக்குப் போகிற மாதிரி. எங்கள் சங்கதி அந்த ஸ்டேஷன் எல்லைக்குள் வராது, வேறு ஸ்டேஷனுக்குப் போகச் சொல்வார்களோ என்று பியூலா பயந்தாள். எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும், எல்லையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஞானபூரணி அம்மா சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அதற்கெல்லாம் அவசியமே வரவில்லை. பெண் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். தொட்டது, மிரட்டியது எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுத வைத்தார். மாரிச்செல்வி இந்தத் தடவை நடுங்கவில்லை. தானே எழுதினாள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கையில் கொடுத்தார்கள். இனிமேல் அவன் போன் பண்ணினாலோ வழியில் நின்றாலோ உடனே சொல்லும்மா என்று இன்ஸ்பெக்டர் தன் நம்பரையும் கொடுத்தார். நாளைக்கு ரூமுக்கு வேலைக்குப் போகலாம்தானே என்று மாரிச்செல்வி மாமியாரைப் பார்த்துக் கேட்டாள். பின்னே போகாமல், என்றாள் பாண்டிலட்சுமி. எனக்கு அங்கேயே குலவை போட வேண்டும் போல வந்தது. ஸ்டேஷன் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பாண்டிலட்சுமியின் வாக்குமூலத்தையும் எழுதி வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். நாங்கள் எல்லாரும் எழுந்துவிட்டோம், வேன் காத்துக்கொண்டிருக்கிறது. அவள் மட்டும் பெஞ்சிலிருந்து எழவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

‘‘எனக்கும் ஒண்ணு இருக்கும்மா. கல்யாணத்துக்கு முந்தி, நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன காலத்துல. அந்த ஆளு செத்துட்டான். இப்ப எழுதலாமா?’’

மாரிச்செல்வி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். ஆள் உயிரோடு இல்லையென்றால் வழக்குப் போட முடியாதே அம்மா என்று இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அது தெரியும், வழக்கு வேண்டாம், யாராவது எழுதிக்கொண்டால் போதும் என்றாள் அவள்.

எந்தப் பிரிவிலும் வராது. கெடு எப்போதோ முடிந்துவிட்டது. நான் படித்து வைத்திருந்த சட்டம் முழுவதையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தும் அந்த அம்மாவுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. பியூலா தன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பெஞ்சில் பாண்டிலட்சுமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

‘‘சொல்லுங்க சின்னம்மா’’ என்றாள்.